கண்ணாடி வைத்திருக்கும் வெப்பம்: வன்னிக் கட்டடங்களுக்கு ஒரு கணக்கு

(கிளிநொச்சியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளை ஒரு கணித ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் தொடங்கியது. என்னை அழைக்க வந்த இருவரும் அவரிடம் படித்தவர்கள். சமன்பாட்டில் ஒரு பதம் சிறியது என்று யாராவது அதை வெட்டினால், வெட்டிய இடத்துக்கு நேரே காரணத்தை எழுதச் சொல்வாராம் ஆசிரியர். எழுதாவிட்டால் விடை சரியாக வந்தாலும் புள்ளி கிடைக்காது. இதைக் கேட்ட அன்றிரவே நான் முன்பு கொடுத்திருந்த தலைப்பை மாற்றிவிட்டேன். இன்று அப்படி வெட்டப்பட்ட ஒரு பதத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வெட்டியவர்கள் காரணத்தை எழுதித்தான் வைத்தார்கள். அதை வாசிக்காமல் அவர்களுடைய விடையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர் ஒருவர் இரண்டு வரைபுகளோடு என்னிடம் வந்தார். மேற்குப் பார்த்த ஓர் அறை. அலுமினியச் சட்டத்தில் நிறமூட்டிய கண்ணாடி. கண்ணாடியில் வெப்பநிலையை உணரும் மெல்லிய கம்பியான வெப்பவிணை ஒன்றை ஒட்டி, நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைப் பதிந்திருந்தார். முகில் வந்து வந்து போன ஒரு பின்னேரம் அது. அதே பின்னேரத்தைக் கணினியிலும் ஓட்டியிருந்தார். கணினி வரைந்த கோடு, முகில் மறைத்ததும் செங்குத்தாக விழுந்தது. முகில் விலகியதும் செங்குத்தாக ஏறியது. வாள் பல்லைப் போல. அளந்த கோடோ வளைந்து வளைந்து இறங்கி, அடியைத் தொடும் முன்பே மறுபடி ஏறியது. மாணவர் தன் குறிப்பில் எழுதியிருந்தார்: உணரி மந்தமானது, மாற்ற வேண்டும்.

மேசையில் எனக்கு வந்த வெறுந்தேத்தண்ணீர் இருந்தது. அந்த வெப்பவிணையின் முனையை அதற்குள் விட்டோம். இரண்டு மூன்று செக்கனில் திரையில் எண் ஏறி நின்றுவிட்டது. உணரியில் பிழை இல்லை. கண்ணாடிதான் நேரம் எடுத்திருக்கிறது. கணினி அந்த நேரத்தைக் கண்ணாடிக்குக் கொடுக்கவில்லை. ஒரு நல்ல மாணவர், சரியான அளவீட்டைத் தவறு என்று எழுதித் தூக்கியெறிய இருந்தார். என்னை இன்றுவரை உறுத்துவது அதுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே. கண்ணாடியின் வெப்பக்கொள்ளளவை, அதாவது அது ஒரு பாகை சூடாகத் தேவையான வெப்பத்தை, கணக்கில் விடலாமா, சேர்க்க வேண்டுமா என்பதைக் கட்டடமும் நாம் கேட்கும் கேள்வியும் தீர்மானிக்க வேண்டும். மென்பொருள் தீர்மானிக்கக் கூடாது. வன்னியில் இன்று நாம் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்கு இது ஏன் முக்கியம் என்பதைச் சில புள்ளிகளாகப் பிரித்துச் சொல்கிறேன்.

1. கண்ணாடி எவ்வளவு வெப்பத்தை வைத்திருக்கும்?

கண்ணாடியின் அடர்த்தி கன மீற்றருக்கு 2,500 கிலோகிராம். கொங்கிறீற்றைவிடச் சற்று அதிகம். ஒரு கிலோகிராமை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 840 யூல் தேவை. சில நியமங்கள் 720 என்று கொள்கின்றன. செங்கல்லுக்கும் கண்ணாடிக்கும் இதில் பெரிய வேறுபாடு இல்லை. பொருளாக எடுத்தால் கண்ணாடி பாரமானதுதான். தடிப்புத்தான் குறைவு.

6 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றர் 15 கிலோகிராம் எடை. ஒரு சீமெந்துப் பையின் மூன்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. அதை ஒரு பாகை சூடாக்க 12.6 கிலோயூல் போதும். நமது ஆறு அங்குலச் சீமெந்துக்கல் சுவரின் அதே பரப்புக்கு ஏறத்தாழ 250 கிலோயூல் வேண்டும். இருபது மடங்கு.

இனி நேரம். உயர்தரத்தில் படித்த நியூட்டனின் குளிரல் விதியே போதும். கண்ணாடி இரண்டு பக்கமும் வெப்பத்தை இழக்கிறது. மிதமான காற்றில் வெளிப்பக்கம் ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு பாகைக்கு 20 உவாற்று. உட்பக்கம் 8 என்று வைப்போம். மொத்தம் 28. 12,600 யூலை 28 ஆல் பிரித்தால் 450 செக்கன், அதாவது ஏழரை நிமிடம். இதுதான் கண்ணாடியின் நேர மாறிலி. இதையே வேறு விதமாகச் சொன்னால், தான் போய்ச் சேரவேண்டிய வெப்பநிலைக்கும் தற்போதைய வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியில், ஒவ்வொரு நிமிடமும் எட்டிலொரு பங்கைத்தான் கண்ணாடி கடக்கும்.

மாணவரின் வரைபுக்குத் திரும்புவோம். வெளியே 34 பாகை, ஏசி போட்ட அறைக்குள் 25 பாகை, மேற்குக் கண்ணாடியில் சதுர மீற்றருக்கு 600 உவாற்று வெயில். நிறமூட்டிய கண்ணாடி அதில் பாதியை உறிஞ்சுகிறது என்று கொண்டால் அதன் வெப்பநிலை 42 பாகையில் நிற்கும். முகில் மறைத்து வெயில் 100 உவாற்றாகக் குறைந்தால் அது இறங்க வேண்டியது 33 பாகைக்கு. கொள்ளளவு இல்லாத கணக்கில் அந்த நொடியே 33. உண்மையில் ஐந்து நிமிடம் கழித்தும் கண்ணாடி 38 பாகையில்தான் இருக்கும். அதற்குள் முகில் விலகிவிட்டால் 33 என்ற எண்ணை அந்தக் கண்ணாடி அன்று பார்க்கவே பார்க்காது. அளந்த கோடு அடியைத் தொடாமல் திரும்பியது இதனால்தான்.

2. விட்டவர்கள் ஏன் விட்டார்கள்?

அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. 1967 இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த ஸ்டீபன்சனும் மித்தாலாசும், சுவரின் வெப்பம் காலந்தாழ்த்தி வருவதைக் கணினியில் கணிக்கும் முறையை வெளியிட்டார்கள். அன்றைய கணினிகளுக்கு அதுவே பெரிய சுமை. மணித்தியாலத்துக்கு ஒரு படி என்றுதான் கணக்கு நகர்ந்தது. ஏழரை நிமிட மாறிலி உள்ள ஒரு பொருள் ஒரு மணித்தியாலத்தில் தன் பயணத்தை முற்றாக முடித்துவிடும். அந்தக் கணக்கில் கண்ணாடியின் கொள்ளளவை வைத்தாலும் எடுத்தாலும் விடை மாறாது. விட்டது சரி.

அந்த வழக்கம் அப்படியே தொடர்ந்தது. கட்டடங்களின் வெப்பக் கடப்பு மதிப்பைக் கணிக்கும் பழைய சூத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 1975 இல் அமெரிக்கக் குளிரூட்டற் பொறியியலாளர் சங்கத்தின் நியமத்தில் வந்தது, ஆசியாவின் பல நாடுகளுக்கும் பரவியது. அதில் சுவருக்கு உரிய வெப்பநிலை வேறுபாடு சுவரின் பாரத்தைப் பொறுத்து மாறும். கண்ணாடிக்கு அப்படி ஒரு திருத்தம் இல்லை. 2001 இல் வெளிவந்து இன்று உலகெங்கும் ஓடும் எனர்ஜிபிளஸ் மென்பொருளின் கைந்நூலும், கண்ணாடிப் படைகள் மெல்லியவை, ஆகவே அவற்றில் சேமிக்கப்படும் வெப்பத்தைப் புறக்கணிக்கிறோம் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் அதே மென்பொருள் இப்போது ஒரு நிமிடப் படியிலும் ஓடும். மணித்தியாலப் படிக்கு எழுதிய காரணம் நிமிடப் படிக்குச் செல்லாது. அந்தப் பக்கத்தை வாசிக்காதவருக்கு இது தெரியப்போவதில்லை.

3. பாரமான வீடும் இலேசான அறையும்

இந்தப் புள்ளியில் சற்று நிற்க விரும்புகிறேன். வன்னிக்கு உரிய புள்ளி இது.

சுவர் பாரமாக இருக்கும்வரை கண்ணாடி ஒரு பொருட்டல்ல. இருபதடிக் கொள்கலன் அளவில் ஓர் அறையை எடுங்கள். மேற்குப் பக்கத்தில் 12 சதுர மீற்றர் கண்ணாடி. மற்றச் சுவர்கள் ஆறு அங்குலச் சீமெந்துக்கல், நிலம் நாலங்குலக் கொங்கிறீற்று. கூரையையும் தளபாடங்களையும் விட்டுக் கூட்டினால் அறையின் மொத்த வெப்பக்கொள்ளளவில் கண்ணாடியின் பங்கு நூற்றுக்கு ஒன்றரை. வெட்டலாம். காரணமும் எழுதலாம்.

அதே அறையை இன்னொரு விதமாகக் கட்டுவோம். இரண்டு மெல்லிய உருக்குத் தகடுகள், நடுவே ஐம்பது மில்லிமீற்றர் நுரை: இதுதான் சுவரும் கூரையும். நிலம் ஒட்டுப்பலகை. இத்தகைய பலகைச் சுவரின் ஒரு சதுர மீற்றரைச் சூடாக்க, பாகைக்கு ஐந்து கிலோயூலுக்கும் குறைவாகவே வேண்டும். 6 மில்லிமீற்றர் கண்ணாடியோ 12.6. அந்த அறையின் சுவர்களில் மிகப் பாரமான சுவர் கண்ணாடிதான்! அறைக்குள் இருக்கும் காற்றையும் சேர்த்துக் கூட்டினால் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கண்ணாடியுடையது. நாலில் ஒன்றைக் காரணம் எழுதாமல் வெட்ட எந்தக் கணித ஆசிரியர் விடுவார்?

இந்த மண்ணில் இலேசான கூரைக்குக் கீழே இருப்பது என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. போரில் இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. அங்கிருந்தும் மற்ற முகாம்களிலிருந்தும் ஊர் திரும்பியவர்களில் பலர், நிரந்தர வீடு வரும்வரை தகரக் கொட்டில்களில் காலம் தள்ளினார்கள். அரை மில்லிமீற்றர் தகரத்தின் கொள்ளளவு சதுர மீற்றருக்கு இரண்டு கிலோயூலுக்கும் குறைவு. வெயில் பட்ட கணமே அது உள்ளே வந்துவிடும். பங்குனி, சித்திரை மதியங்களில் கொட்டிலுக்கு வெளியே மர நிழலில் குழந்தையைக் கிடத்திய தாய்மாருக்கு வெப்பக்கொள்ளளவு என்றால் என்ன என்பது உடம்பால் தெரியும். 2016 இல் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது, செலவோடும் உறுதியோடும் சேர்த்து வெக்கையைப் பற்றிய கேள்வியும் எழுந்தது. அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் கணினியை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டவர்கள் அல்லர்.

வீடுகளில் நாம் கல்லுக்குத் திரும்பிவிட்டோம். ஆனால் அலுவலகங்களிலும் கடைகளிலும் இலேசான கட்டுமானம் மறுபடி வருகிறது. கொள்கலன் அலுவலகங்கள், அலுமினியமும் கண்ணாடியும் கொண்டு தடுத்த அறைகள், மேல்மாடியில் தகரக் கூரைக்கு அடியில் போட்ட வகுப்பறைகள். ஏ-9 வீதியை நினைத்துப் பாருங்கள். வவுனியாவிலிருந்து மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று அது வடக்கு நோக்கி ஓடுகிறது. வீதியைப் பார்த்துக் கடை கட்டினால் முகப்பு கிழக்கையோ மேற்கையோ பார்த்தாக வேண்டும். சூரியன் தாழ்ந்து நின்று நேராக அடிக்கும் இரண்டு திசைகளும் அவைதான். வீதியின் திசையே நமது கண்ணாடியின் திசையைத் தீர்மானித்துவிட்டது.

4. எந்தக் கேள்விக்கு எது தேவை?

ஆண்டு முழுவதற்குமான மின்கட்டணத்தைக் கணிக்க, கண்ணாடியின் கொள்ளளவு தேவையில்லை. சேர்த்தாலும் விடை அசையாது. காலநிலைக் கோப்புகள் பெரும்பாலும் மணித்தியாலச் சராசரிகள். முகிலின் ஐந்து நிமிடம் அவற்றில் இருப்பதே இல்லை. இதை மாணவர்கள் மனதில் பதிய வேண்டும். தேவையில்லாத இடத்தில் நுணுக்கம் சேர்ப்பதும் பிழைதான்.

ஏசி எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடி நிற்கும் என்று கேட்டால் தேவை. யன்னலோரம் மேசை போட்டிருப்பவருக்குப் பிற்பகல் நான்கு மணிக்கு எவ்வளவு கதிர்ப்பு படும் என்று கேட்டால் தேவை. 42 பாகைக் கண்ணாடி மீது திடீர் மழை விழும்போது அது வெடிக்குமா என்று கேட்டால் கட்டாயம் தேவை. சட்டத்துக்குள் மறைந்திருக்கும் விளிம்புக்கும் வெயில் பட்ட நடுவுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 40 பாகையைத் தொட்டால் பதப்படுத்தாத கண்ணாடி கீறிவிடக்கூடும். கண்ணாடி தடித்தால் நேரமும் நீளும்: 12 மில்லிமீற்றருக்குப் பதினைந்து நிமிடம்.

5. எப்படிச் சேர்ப்பது?

ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் உருவான ஈஎஸ்பி-ஆர் மென்பொருள், கண்ணாடியையும் சுவரைப் போலவே படைகளாகப் பிரித்துக் கணிக்கிறது. கொள்ளளவு தானாகவே உள்ளே வந்துவிடும். எனர்ஜிபிளஸ் பாவிப்பவர்கள், அறைக்குள் ஓர் உள்நிறையைச் சேர்த்துச் சமாளிப்பது உண்டு. அதில் ஒரு குறை இருக்கிறது. அந்த நிறை அறையின் உட்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். உண்மையான கண்ணாடியின் ஒரு முகம் வெளியே வெயிலிலும் காற்றிலும் நிற்கிறது. அறையின் மொத்தக் கொள்ளளவு சரியாக வரலாம், கண்ணாடியின் வெப்பநிலை வராது.

மென்பொருள் எதுவும் இல்லாதவருக்கு ஒரு விரிதாளே போதும். ஒரு நிரலில் கொள்ளளவு இல்லாமல் வரும் கண்ணாடி வெப்பநிலை; அடுத்த நிரலில், முந்தைய நிமிடத்து விடையோடு இடைவெளியின் எட்டிலொன்றைக் கூட்டிய எண். அந்த மாணவரோடு உட்கார்ந்து நான் செய்தது அதுதான். வாள் பல் மழுங்கி, அளந்த கோட்டின் மேலேயே ஏறத்தாழப் போய் விழுந்தது. மாணவரின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

6. சேமிப்பு நம்மைக் காக்காது

கடைசியாக ஒரு தப்பெண்ணத்தைத் தடுக்க வேண்டும். கண்ணாடியில் வெப்பம் சேமிக்கப்படுகிறது என்றால் அது அறையைக் காக்கும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தெளிந்த 6 மில்லிமீற்றர் கண்ணாடி, மேலே சொன்ன பிற்பகலில் தனக்குள் வைத்திருக்கக் கூடிய கூடுதல் வெப்பம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 11 உவாற்று-மணி. அதே ஒரு மணித்தியாலத்தில் அதன் ஊடாக உள்ளே போவது 450 உவாற்று-மணிக்கும் மேல். அந்த வெப்பம் நிலத்திலும் மேசையிலும் மனிதரிலும் போய்த் தங்குகிறது. நிறமூட்டிய கண்ணாடி உள்ளே விடுவதைக் குறைக்கும். ஆனால் தானே சூடாகி யன்னலோரம் இருப்பவரைச் சுடும்.

உள்ளே வரும் முன் தடுப்பதே வழி. ஏப்ரல் 14 அளவில், புத்தாண்டு நாளை ஒட்டி, நண்பகற் சூரியன் கிளிநொச்சிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. ஓகஸ்ட் 29 அளவில் மீண்டும். அன்று மதியம் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது, கூரைதான் வாங்கும். பிற்பகல் நான்கு மணிக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து 33 பாகை உயரத்துக்கு இறங்கி மேற்கு முகப்பை நேரே பார்க்கும். அப்போது இரண்டு மீற்றர் உயரக் கண்ணாடியை முழுதாக நிழலில் வைக்க மூன்று மீற்றர் நீட்டம் வேண்டும். முகப்புகளில் இன்று நாம் வைக்கும் இரண்டடிச் சீமெந்து நீட்டம் மேலிருந்து ஒன்றே கால் அடியைத்தான் மறைக்கிறது. மூன்று மீற்றர் என்றால் பத்தடி. பத்தடிக்கு நீளும் ஒன்றுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: விறாந்தை. நமது பழைய வீடுகளும் கடைகளும் வைத்திருந்தது அதைத்தான். இடமில்லாத இடத்தில் செங்குத்தான பலகைத் தடுப்பு வைக்கலாம். வேம்பு வைக்கலாம், ஆனால் அது வளரும் ஆண்டுகளுக்கும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

இங்கே, அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. 2021 ஓகஸ்ட் முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாணவர்கள் இருக்கிறார்கள். வெப்பவிணைகள் விலை அதிகமானவை அல்ல. குறைவாக இருப்பது, ஒட்டிப் பார்க்க அனுமதிக்கும் கட்டடங்கள். ஆகவே இந்த அவையில் இருக்கும் கட்டட உரிமையாளர்களிடமும் முகாமையாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வரும் ஏப்ரலில் 10 ஆம் திகதியிலிருந்து 17 ஆம் திகதிவரை, மேற்குப் பார்த்த உங்கள் கண்ணாடி ஒன்றில் உள்ளே ஒரு கம்பியும் வெளியே ஒரு கம்பியும் ஒட்ட மாணவர்களுக்கு இடம் கொடுங்கள். விடுமுறையில் அறை பூட்டியிருந்தால் இன்னும் நல்லது. ஏசி இல்லாத வெறும் அறையின் கோடும் நமக்கு வேண்டும். பதிவுக் கருவி ஒரு தீப்பெட்டி அளவுதான். எட்டாம் நாள் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள். கண்ணாடியைத் துடைத்துவிட்டும் போவார்கள்.